கடைசி மாதவிடாய் என்றைக்கு? கருப்பை உட்சுவர்த் திசுவைப் படிப்பது எப்படி

படிவத்தில் கிட்டத்தட்ட எல்லாம் இருந்தது. வயது 47. "அதிக உதிரப்போக்கு, 3 மாதம்." அனுப்பிய மருத்துவரின் கையெழுத்து. கடைசி மாதவிடாய் தேதிக்கான கட்டம் மட்டும் காலி. கூடவே வந்த சின்ன டப்பாவில், ஃபார்மலினுக்குள் சிவப்பும் பழுப்புமாக, ஒரு தேக்கரண்டியைக்கூட நிரப்பாத அளவுக்குத் திசுத் துணுக்குகள். கருப்பையின் உட்சுவரிலிருந்து சுரண்டி எடுத்தவை.

மறுநாள் ஸ்லைடு என் மேசைக்கு வந்தது. மைக்ரோஸ்கோப்பில் திசுவைப் படித்து நோயைச் சொல்லும் நோயியல் மருத்துவர் நான். சுரப்பிகளுக்கு இடையே நிரம்பியிருக்கும் இடைத்திசுவின் செல்கள் கொழுத்து, வெளிறி, நெருக்கியடித்து நின்றன. நடுவே சுரப்பிகள் மட்டும் ஒடுங்கிக் கிடந்தன. மாதத்தின் கடைசி நாட்களிலும் இடைத்திசு இப்படிக் கொழுக்கும், கர்ப்பத்திலும் கொழுக்கும், ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டாலும் கொழுக்கும். முதலாவது இயல்பு. இரண்டாவது என்றால், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும். மூன்றாவது என்றால், மாத்திரைக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்பதற்கு இந்த ஸ்லைடில் பதில் கிடைக்காது. சுரப்பிகள் ஒடுங்கியிருந்த விதத்தைப் பார்த்து மூன்றாவதாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தோன்றுவதை வைத்து ரிப்போர்ட் எழுத முடியாது. போனை எடுத்தேன்.

பயாப்ஸி என்றாலே திசுவைப் பார்த்த மாத்திரத்தில் நோயின் பெயர் தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கல்லீரலுக்கும் தோலுக்கும் அது ஓரளவு பொருந்தும். இந்த வாரம் எடுத்த ஈரல் துணுக்கும் அடுத்த வாரம் எடுத்ததும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எண்டோமெட்ரியம் என்கிற கருப்பை உட்சுவர் அப்படியில்லை. வளர்ந்து, சுரந்து, உதிர்ந்து, மறுபடி முளைப்பதே அதன் இயல்பு. அதனால் என்ன தெரிகிறது என்பதோடு, அது எந்த நாளில், எந்த வயதில், எந்த மருந்தின் கீழ் தெரிகிறது என்பதும் சேர்ந்தால்தான் நோயறிதல். படிவத்தில் காலியாக விட்ட கட்டம் பாதி ஸ்லைடைக் காலியாக விட்டதற்குச் சமம்.

நோயாகத் தெரிந்த நாட்கள்

இந்தப் பாடத்தை மருத்துவ உலகமே ஒருமுறை தப்பும் தவறுமாகப் படித்துத்தான் கற்றுக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, உட்சுவரில் சுரப்பிகள் பெருத்தோ வளைந்து நெளிந்தோ இருந்தால் அதற்கு "சுரப்பி அழற்சி" என்று பெயரிட்டு வைத்தியம் பார்த்தார்கள். வியன்னாவைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஹிட்ச்மன், லுட்விக் ஆட்லர் இருவரும் திசுக்களை மாதவிடாய் நாட்களோடு பொருத்திப் பார்த்து, 1908இல் ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார்கள். நோய் என்று எண்ணிய அந்தத் தோற்றங்களில் பெரும்பாலானவை ஆரோக்கியமான பெண்ணின் உடலில் மாதந்தோறும் வந்துபோகிறவை என்பதுதான் அதன் சாரம். அதுவரை எத்தனை பேரின் இருபத்தைந்தாம் நாளுக்கு வைத்தியம் நடந்திருக்கும் என்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, சங்கடமாகவும் இருக்கிறது.

அந்த மாதக் கணக்கு இப்படிப் போகும். உட்சுவரில் இரண்டு அடுக்கு. மேலடுக்கு மாதாமாதம் உதிரும். அடியடுக்கு நிலைத்து நின்று அடுத்ததை முளைக்க வைக்கும். உதிரம் நின்ற பிறகு முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் ஆட்சி. சுரப்பிகள் நேரான குழாய்களாக நீளும். எங்கு பார்த்தாலும் செல்கள் பிரிந்துகொண்டிருக்கும். கருமுட்டை வெளிவந்து இரண்டு நாள் கழித்து, அதாவது 28 நாள் சுழற்சியில் 17ஆம் நாள் வாக்கில், ஒரு சின்ன அழகு நடக்கும். ஒவ்வொரு சுரப்பிச் செல்லிலும் உட்கருவுக்குக் கீழே கிளைகோஜன் சேர்ந்து ஒரு வெள்ளைக் குமிழ் தோன்றும். குமிழ்கள் அடியில் வரிசை கட்ட, உட்கருக்கள் மேலே ஏறி இன்னொரு வரிசை கட்டும். பியானோ கட்டைகள் மாதிரி. இந்த வரிசையைப் பார்த்தால், கருமுட்டை வெளிவந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

அடுத்த மூன்று நாளில் குமிழ் செல்லின் மேற்புறம் நகர்ந்து, உள்ளிருப்பதைச் சுரப்பியின் குழாய்க்குள் கொட்டிவிடும். 22ஆம் நாள் வாக்கில் இடைத்திசு நீர்கோத்து ஊறிப்போயிருக்கும். 23இல் சுருள் ரத்தக்குழாய்களைச் சுற்றி இடைத்திசு செல்கள் கொழுக்கத் தொடங்கி, கடைசி இரண்டு நாளில் பாய் விரித்ததுபோலப் பரவிவிடும். கரு பதியவில்லை என்றால், இந்தப் பிற்பாதியை நடத்தும் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சரியும். எல்லாம் உடைந்து உதிரும்.

1950இல் நாய்ஸ், ஹெர்ட்டிக், ராக் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் இதை நாள்வாரியாக அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். அதன்பின் அரை நூற்றாண்டுக்குக் குழந்தையின்மைச் சிகிச்சையில் அதுதான் வேதம். திசு காட்டும் நாளும் காலண்டர் காட்டும் நாளும் இரண்டு நாளுக்கு மேல் விலகினால், குறை அங்கேதான் என்றார்கள். 2004இல் வெளிவந்த ஒரு பல்மைய ஆய்வு இதைக் கவிழ்த்துப்போட்டது. இயல்பாகக் குழந்தை பெற்ற பெண்களிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சுழற்சியின் பிற்பாதி நடுவில் எடுத்த திசு நாளோடு பொருந்தவில்லை. குழந்தையில்லாதவர்களிடம் அந்த விகிதம் இன்னும் சற்றுக் குறைவாகவே இருந்தது! குழந்தையின்மைக்குக் காரணம் தேடி வழக்கமாக நாள் கணிக்கும் பயாப்ஸி அதோடு மதிப்பிழந்தது. ஆனால் நாள் படிக்கும் திறமை வீணாகவில்லை. எது இயல்பு என்று கண்ணுக்குப் பழகியிருந்தால்தானே இயல்பு அல்லாதது உறுத்தும்?

கண்ணைக் கட்டிக்கொண்டு எடுக்கும் சாம்பிள்

திசுவை எடுக்கும் கதை இதைவிடப் பழையது. கருப்பைக்குள் நுழைத்துச் சுரண்டும் நீண்ட கரண்டியை 1840களில் பிரெஞ்சு மருத்துவர் ரெக்காமியே புகுத்தினார். கருப்பை வாயை விரித்துச் சுரண்டும் "டி அண்ட் சி" பிறகு பெண்களுக்கான மிகச் சாதாரணமான அறுவைச் சிகிச்சையாகிப் போனது. மயக்க மருந்து வேண்டும், தியேட்டர் வேண்டும். அத்தனையும் செய்தாலும் முழு உட்சுவரும் வந்துவிடுமா என்றால், வராது. கருப்பையை அகற்றுவதற்குச் சற்று முன் சுரண்டிவிட்டு, அகற்றிய கருப்பையைத் திறந்து பார்த்த 1975ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 60 சதவீதம் பேருக்கு உட்சுவரில் பாதிகூடச் சுரண்டப்படவில்லை.

1980களில் பைப்பெல் வந்தது. சுமார் 3 மில்லிமீட்டர் பருமன் கொண்ட வளையும் பிளாஸ்டிக் குழாய், அதற்குள் ஒரு பிஸ்டன். உள்ளே விட்டுப் பிஸ்டனை இழுத்தால் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகும். குழாயைச் சுழற்றிக்கொண்டே வெளியே எடுத்தால், பக்கத்துளை வழியாகத் திசு இழை இழையாக ஏறிவிடும். புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடத்தில் முடியும் வேலை. "லேசான வலி" என்று எழுதுவது மருத்துவர்களின் பழக்கம். சிலருக்கு அது நல்ல வலி, முன்கூட்டியே வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை.

மாதவிடாய் நின்ற பெண்களிடம் உள்ள புற்றுநோயை பைப்பெல் 99.6 சதவீதம் பிடித்தது என்று 2000ஆம் ஆண்டின் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. மாதவிடாய் நிற்காதவர்களிடம் 91 சதவீதம். அருமையான எண்கள்தான், ஆனால் அவை திசு போதுமான அளவு கிடைத்தவர்களுக்கு உரியவை. உட்சுவரில் பரவலாகப் படர்ந்த நோய் குழாயில் ஏறிவிடும். ஒரு மூலையில் மட்டும் குந்தியிருப்பதும், பாலிப் என்ற சதை வளர்ச்சி ஒன்றின் நுனியில் ஒளிந்திருப்பதும் தப்பிவிடக்கூடும். அதனால்தான், ரிப்போர்ட்டில் "புற்றுநோய் இல்லை" என்று வந்த பிறகும் உதிரப்போக்கு தொடர்ந்தால் கதை முடியவில்லை என்று அர்த்தம். அடுத்தது ஹிஸ்டிரோஸ்கோப்பி: கேமரா வழியாக உள்ளே பார்த்து, சந்தேகப்படும் இடத்திலேயே கிள்ளி எடுப்பது.

எல்லோருக்கும் பயாப்ஸி வேண்டியதில்லை. மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் உட்சுவர் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால், முதல் தடவை பட்ட ரத்தத்துக்குப் பொதுவாக அந்த ஸ்கேனே போதும். திரும்பத் திரும்பப் பட்டால் அளவு எவ்வளவு என்றாலும் திசு எடுத்தாக வேண்டும். மாதவிடாய் நிற்காதவர்களுக்கு இந்த 4 மில்லிமீட்டர் கணக்கே பொருந்தாது. அவர்களின் உட்சுவர் நாளுக்கொரு தடிமன் காட்டும்.

இனி டப்பா. எடுத்த திசுவை உடனே, அதைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் போட வேண்டும். லேபில் அதை வடிகட்டி, நீர் நீக்கி, உருக்கிய பாரஃபின் மெழுகில் புதைத்து ஒரு பிளாக் செய்வோம். அதிலிருந்து 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவல்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். பிறகு ஹெமடாக்ஸிலின், ஈயோசின் என்ற இரண்டு சாயங்கள். முன்னது ஒரு மரத்தின் வைரத்தண்டிலிருந்து எடுப்பது. மூலக்கூறுச் சோதனைகளின் காலத்திலும் புற்றுநோய் நோயறிதலின் முதல் படி மரச்சாயத்தில்தான் நடக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஃபார்மலினுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அடிக்கடி மறந்துபோவதும் அதுதான். கருப்பைக் காசநோயைத் தேடுகிறோம் என்றால் திசுவில் ஒரு பங்கை ஃபார்மலின் படாமல், சலைனில் தனி டப்பாவில் அனுப்ப வேண்டும். ஃபார்மலின் திசுவைக் காப்பாற்றும், கிருமியைக் கொன்றுவிடும். கொன்ற கிருமி கல்ச்சரில் வளராது. காசநோயின் முத்திரையான கிரானுலோமா, அதாவது நோயெதிர்ப்புச் செல்களின் சின்ன முடிச்சு, உருவாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். மாதாமாதம் உட்சுவர் உதிர்ந்துபோவதால் அதற்கு முதிரவே நேரம் கிடைப்பதில்லை. ஆகவே மாதவிடாய்க்குச் சற்று முந்தைய நாட்களில் எடுத்தால்தான் கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். பத்தாம் நாள் எடுத்த திசுவில் கிரானுலோமா இல்லை என்பதை வைத்து யாரும் நிம்மதியடையக் கூடாது. மேலும், இந்த நோய் கருக்குழாயில் தொடங்கித்தான் கீழே இறங்குகிறது. குழாயில் நோய் இருந்தும் உட்சுவர் சுத்தமாக இருக்கும் பெண்கள் நிறையப் பேர்.

புற்றுநோய் இல்லாத பெரும்பான்மை

நாங்கள் பார்க்கும் ஸ்லைடுகளில் பெரும்பாலானவற்றில் புற்றுநோய் இருக்காது. நாற்பதுகளில் கருமுட்டை ஒழுங்காக வெளிவராத மாதங்கள் கூடும். புரொஜெஸ்ட்ரோன் வராமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உட்சுவரை வளர்த்துக்கொண்டே போகும். சுரப்பிகள் சில விரிந்து, சில கிளைத்து, ஒழுங்கு கெட்டு நிற்கும். வளர்ந்ததைத் தாங்க முடியாமல் அங்கங்கே இடிந்து விழுவதுதான் அந்த வேளைகெட்ட உதிரப்போக்கு. இடிந்த இடத்தில் இடைத்திசு செல்கள் சுருண்டு நீல உருண்டைகளாகி, சுரப்பிகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடக்கும். அனுபவம் போதாத கண்ணுக்கு இந்த இடிபாடு புற்றுநோய் போலவே தெரியும். என் முதல் வருடத்தில் இப்படி ஒரு ஸ்லைடை எடுத்துக்கொண்டு பதற்றத்தோடு மூத்தவரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "மாதவிடாய்க்குப் போய் ஏம்மா இவ்வளவு பதறுறே?" என்றார்.

பாலிப் அடிக்கடி வரும் விருந்தாளி. முழுசாக வந்தால் சுலபம். பைப்பெல்லில் துண்டு துண்டாக வந்தால், தடித்த சுவருள்ள ரத்தக்குழாய்களையும் நார்போன்ற இடைத்திசுவையும் வைத்து ஊகிக்க வேண்டும். நாட்பட்ட அழற்சிக்கு அடையாளம் பிளாஸ்மா செல் என்ற நோயெதிர்ப்புச் செல். இதையும் அதே ஹிட்ச்மனும் ஆட்லரும்தான் வலியுறுத்தினார்கள். ஆனால் இடைத்திசு செல்கள் சில கோணங்களில் பிளாஸ்மா செல் வேஷம் போடும் என்பதால், இப்போது சிடி138 என்ற சாயத்தின் துணையை நாடுகிறோம். எத்தனை பிளாஸ்மா செல் இருந்தால் நோய் என்பதில் ஆளுக்கொரு எண் வைத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு ஆரோக்கியமான பெண்களிடமும் தென்படும் என்பதால், ஒற்றைச் செல்லைக் கண்டுபிடித்து ஆன்டிபயாட்டிக் எழுதும் வேகம் எனக்கு உடன்பாடில்லை.

கர்ப்பம் தொடர்பான திசுவில் நாங்கள் முதலில் தேடுவது, நஞ்சுக்கொடியாக மாறப்போகும் விரல் போன்ற இழைகளை. அவை இருந்தால் கரு கருப்பைக்குள்தான் தரித்திருக்கிறது. கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ், திசுவில் கொழுத்த இடைத்திசு மட்டும், இழைகள் இல்லை என்றால் ரிப்போர்ட் அச்சாகும் வரை காத்திருக்கக் கூடாது. கரு கருக்குழாய்க்குள் வளர்ந்து, குழாய் வெடிக்கலாம். அது போன் செய்தே ஆகவேண்டிய ரிப்போர்ட். கர்ப்பத்தின் ஹார்மோனால் சுரப்பிச் செல்களின் உட்கருக்கள் பூதாகாரமாகப் பெருப்பதும் உண்டு. பெரு நாட்டின் ஹாவியர் ஆரியாஸ் ஸ்டெல்லா 1954இல் இதை விவரித்தார். கர்ப்பம் என்று தெரியாமல் இதைப் பார்த்தால் கொடிய புற்றுநோய் என்றே எழுதத் தோன்றும். இந்த இழைகள் நீர்க்குமிழ்களாக வீங்கும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தைப் பிரித்தறிய பி57 என்ற புரதச் சாயம் இருக்கிறது. முழு முத்துப்பிள்ளையில், இழைகளைப் போர்த்தியிருக்கும் செல்களில் அது நிறமேறாது. காரணம், அந்தப் புரதம் தாயிடமிருந்து வந்த மரபணுப் பிரதியால் உருவாவது. முழு முத்துப்பிள்ளையின் உட்கருவில் தாயின் பங்கு கிடையாது.

போன் விஷயத்துக்கு வருகிறேன். வார்டு நர்ஸ் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆமா டாக்டர், ரத்தம் நிக்கறதுக்கு மாத்திரை எழுதியிருக்கு. மூணு வாரமா போட்டுட்டு இருக்காங்க." புரொஜெஸ்ட்ரோன் வகை மாத்திரை. இடைத்திசு ஏன் கொழுத்தது, சுரப்பி ஏன் ஒடுங்கியது என்பது அதோடு தெளிவாகிவிட்டது. ஆனால் இதே மாத்திரைதான் அடுத்து நான் சொல்லப்போகும் நோய்க்கும் வைத்தியம். பாதி குணமான நோயும் ஆரம்பத்திலிருந்தே நோயில்லாத திசுவும் மருந்தின் கீழ் ஒரே முகம் காட்டும். "ஹார்மோன் மருந்தின் விளைவு காணப்படுகிறது, மருந்தை நிறுத்தி, உதிரம் வந்தபின் மறுபடி திசு எடுத்துப் பார்ப்பது நல்லது" என்று எழுதினேன். படிப்பவருக்கு ஏமாற்றமான ரிப்போர்ட்தான். அந்தத் திசுவை வைத்துக்கொண்டு அதற்குமேல் எழுதுவது பொய்.

ஹைப்பர்பிளேசியா என்னும் வரப்புத் தகராறு

ஈஸ்ட்ரோஜன் தனியாட்சி பல மாதம், பல வருடம் நீண்டால் சுரப்பிகள் எண்ணிக்கையில் பெருகி நெருக்க ஆரம்பிக்கும். உடல் பருமன், பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு, கருமுட்டை வெளிவராமை, புரொஜெஸ்ட்ரோன் சேர்க்காமல் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் மருந்து, மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென், எப்போதாவது ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் சினைப்பைக் கட்டி. இவைதான் பின்னணி. நோயின் பெயர் ஹைப்பர்பிளேசியா. இயல்புக்கும் புற்றுநோய்க்கும் இடையிலான இந்த நிலத்தில் வரப்பு எங்கே போடுவது என்பதுதான் எங்கள் துறையின் தீராத வழக்கு.

1985இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, கருப்பையை உடனே அகற்றாமல் விட்ட 170 பெண்களைப் பின்தொடர்ந்தது. சுரப்பிகள் எளிமையாகப் பெருகியிருந்தவர்களில் 1 சதவீதம், சிக்கலாகப் பெருகியிருந்தவர்களில் 3 சதவீதம் புற்றுநோய்க்குப் போனார்கள். செல்லிலேயே கோளாறு, அதாவது அட்டிபியா இருந்தால் எளிமையில் 8, சிக்கலில் 29. இதையொட்டி உலக சுகாதார நிறுவனம் 1994இல் நாலு பிரிவாக வகுத்தது. காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனால் ஒரே ஸ்லைடை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு பிரிவு வந்தது. அதே ஆளிடம் ஆறு மாதம் கழித்துக் கொடுத்தால் மூன்றாவதும் வரலாம். சுரப்பிகளின் நெருக்கத்தைவிட அட்டிபியாதான் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்பது தெளிவானதும், 2014இல் நாலை இரண்டாகச் சுருக்கினார்கள்: அட்டிபியா இல்லாதது, அட்டிபியா உள்ளது.

சுருக்கியதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். காரணம், சிகிச்சையும் இரண்டுதான். அட்டிபியா இல்லையென்றால் 20 வருடத்தில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. புரொஜெஸ்ட்ரோன், முக்கியமாக ஹார்மோன் கசியும் கருப்பைச் சாதனம், பெரும்பாலானவர்களுக்குச் சரிசெய்துவிடும். இதற்குப் போய்க் கருப்பையை எடுக்க அவசரப்படுத்துகிறவர்களிடம் ஏன் என்று கேட்கலாம். அட்டிபியா இருந்தால் நிலைமை வேறு. பயாப்ஸியில் அட்டிபியா என்று சொல்லி, 12 வாரத்துக்குள் கருப்பை அகற்றிய 289 பெண்களின் திசுவை அமெரிக்கக் கூட்டாய்வுக் குழு ஒன்று ஆராய்ந்து 2006இல் வெளியிட்டது. அவர்களில் 42.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் ஏற்கெனவே உள்ளே இருந்தது. வரப்பைத் தாண்டவிருந்தவர்கள் என்று நினைத்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தாண்டி முடித்திருந்தார்கள்.

அப்படியானால் அட்டிபியாவை எப்படிக் கண்டுகொள்வது? உட்கரு உருண்டு பெருக்கிறது, நிறம் வெளிறி, உள்ளிருக்கும் மரபுப்பொருளான குரோமாட்டின் ஓரத்துக்கு ஒதுங்குகிறது, நியூக்ளியோலஸ் என்ற உட்புள்ளி எடுப்பாகத் தெரிகிறது என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் அதைவிட உதவுவது ஒப்பீடுதான். அதே ஸ்லைடில், அதே பெண்ணின், சந்தேகமில்லாத ஒரு சுரப்பியைத் தேடிப் பிடித்து அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. நெருக்கமான சுரப்பிக் கூட்டத்தின் செல்கள் சுற்றியிருப்பவற்றிலிருந்து அப்பட்டமாக வேறுபட்டு, கூட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பரந்து, சுரப்பிகளின் பரப்பு இடைத்திசுவின் பரப்பை மிஞ்சினால் அது அட்டிபியா. ஃபார்மலின் தாமதமாகி அழுகத் தொடங்கிய திசுவில் எல்லா உட்கருவும் வீங்கித்தான் இருக்கும். ஒப்பிட நல்ல சுரப்பி ஒன்றும் மிஞ்சாது.

சுரண்டும்போது நசுங்கி, ஒரு சுரப்பிக்குள் இன்னொரு சுரப்பி செருகிக்கொள்வதும் உண்டு. தொலைநோக்கிக் குழாயை மடக்கியதுபோல இருக்கும். இதை நிஜ நெருக்கம் என்று நம்பி ஹைப்பர்பிளேசியா எழுதிய ரிப்போர்ட்டுகளை மறுபார்வையில் திருத்த நேர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு என்னுடையவை.

புற்றுநோய் என்று முடிவானபின்

சுரப்பிகளுக்கு நடுவே இடைத்திசுவே இல்லாமல் அவை ஒன்றோடொன்று கலந்து சல்லடைபோல் ஆனால், அங்கே புற்றுநோய் தொடங்கிவிட்டது. வழக்கமான வகைக்குத் தரம் பிரிப்பது எளிது. சுரப்பி வடிவம் இழந்து திடமாகிப்போன பகுதி 5 சதவீதம் வரை என்றால் முதல் தரம். 50 வரை இரண்டாம் தரம். அதற்கு மேல் மூன்றாம் தரம்.

1983இல் லெனின்கிராடின் போக்மன் இந்நோயை இரண்டாகப் பிரித்தார். ஈஸ்ட்ரோஜன் மிகுதியில், ஹைப்பர்பிளேசியா வழியாக, மெதுவாக வருவது ஒன்று. வயதான, மெலிந்த உட்சுவரில் திடீரென்று தோன்றி ஆக்ரோஷமாகப் பரவுவது இன்னொன்று. சீரஸ் என்று இப்போது அழைக்கும் வகை இந்த இரண்டாவதன் முகம். மெலிந்த உட்சுவரிலிருந்து வரும் சாம்பிளில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஒன்றிரண்டு நூலிழைகளைத் தவிர. அந்த நூலிழையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பத்துப் பதினைந்து கோரமான செல்கள்தான் சில சமயம் சீரஸ் புற்றுநோயின் ஒரே தடயம். "திசு போதவில்லை" என்று எழுதிப் போட்டுவிட்டு எழுந்துபோகும் அலுப்பு ஆபத்தாக முடிவது இங்கேதான். திசு போதவில்லை என்பதும் நோயில்லை என்பதும் இரண்டு வெவ்வேறு பதில்கள்.

2013இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 373 கட்டிகளைப் படித்து, இரண்டை நாலாக்கியது. 'போல்' என்ற மரபணு பழுதானவை; டிஎன்ஏ பிழைதிருத்தம் கெட்டவை; பி53 என்ற மரபணு பழுதானவை; இவற்றில் எதிலும் சேராதவை. நாலும் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியலாம் என்பதுதான் எங்களுக்கு அதிர்ச்சி. மூன்றாம் தரம், பயங்கரம் என்று நாங்கள் எழுதும் கட்டி 'போல்' வகையாக இருந்தால் நோயாளி பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அதிக ஆபத்துள்ளவர்களை மட்டும் சேர்த்த போர்டெக்-3 என்ற சிகிச்சை ஆய்வின் திசுக்களை மறுபடி வகைப்படுத்தியபோது, ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 'போல்' பிரிவில் 98 சதவீதம், பி53 பிரிவில் 48. என் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்த இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே இத்தனை பெரிய பள்ளம். 2023இல் நோயின் கட்டத்தை நிர்ணயிக்கும் ஃபிகோ (சர்வதேச மகப்பேறு, மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு) விதிகளிலும் இந்த மூலக்கூறு வகைகள் இடம்பிடித்துவிட்டன.

நாலில் பெரும்பகுதியைச் சாதாரண லேபிலேயே புரதச் சாயங்களால் பிரித்துவிடலாம். 'போல்' ஒன்றுக்குத்தான் மரபணு வரிசை படிக்க வேண்டும். பி53 சாயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லா உட்கருவும் கறுத்துச் சாயமேறினாலும் பழுது. ஒன்றுகூட ஏறாமல் வெறிச்சோடினாலும் பழுது. கொஞ்சம் ஏறி, கொஞ்சம் ஏறாமல், நிறம் திட்டுத்திட்டாக இருப்பதுதான் இயல்பு. வெறிச்சோடிய ஸ்லைடை "நெகட்டிவ்" என்று எழுதி அனுப்பினால், படிப்பவர் நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்வார். மாதிரித் திசுவைப் பொறுத்தவரை இந்தச் சோதனைகளை அறுவைக்கு முன் பயாப்ஸியிலேயே செய்துவிடுவது மேல் என்பது என் கருத்து. துணுக்குகள் சின்னவை, ஃபார்மலின் சீக்கிரம் ஊறும், சாயம் தெளிவாக ஏறும்.

டிஎன்ஏ பிழைதிருத்தும் நான்கு புரதங்களில் ஏதாவது காணாமல் போயிருந்தால் கேள்வி நோயாளியோடு நிற்காது. பெரும்பாலும் அது அந்தக் கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றம். கருப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 3 சதவீதம் மட்டும் லின்ச் என்ற பரம்பரைக் கோளாறால் வருபவை. அது இருந்தால் மகள், மகன், கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெருங்குடல் புற்றுநோயும் அதே வீட்டில் நடமாடும். முன்கூட்டியே தெரிந்தவர்கள், பெருங்குடலைக் கேமராவால் பார்க்கும் கொலனோஸ்கோப்பி செய்துகொண்டு தப்பிக்க முடியும்.

பல வருடங்களுக்கு முன் இந்த நோய் வந்து சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்தச் சோதனை அப்போது செய்திருக்க மாட்டார்கள். அவர்களின் மெழுகு பிளாக்குகளை லேப்கள் பல ஆண்டுகள் அடுக்கி வைத்திருக்கும். அம்மாவுக்கு அன்றைக்குச் செய்யாததை, அதே பிளாக்கை எடுத்து இன்னொரு நான்கு மைக்ரான் சீவி, மகளுக்காக இன்றைக்குச் செய்துவிடலாம். கேட்கப் போகும்போது பழைய ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். பிளாக் நம்பர் அதில்தான் இருக்கும்.